துவர்ப்பு

ஆறு வருஷங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். 41 கவிதைகள் கொண்ட மெலிந்த புத்தகம். இவற்றில் இருப்பது வறட்டுத் துவர்ப்பு, கனியாத மனத்தை ருசி என்று நம்பச் சொல்கிறார் கவிஞர் என்கிற ரீதியில் இரண்டு பக்கம். எழுதியவன் என் கல்லூரி நண்பன். நண்பன் என்பதால்தான் கொஞ்சம் அதிகமாகவே கறாராக இருந்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. சிறுபத்திரிகை உலகில் நண்பனைப் பாராட்டுவது ஒரு குற்றம். அந்தக் குற்றத்துக்குப் பயந்துகொண்டு அநியாயம் செய்வதும் ஒரு குற்றம்தான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. அதற்குப் பின் அவன் புத்தகம் எதுவும் போடவில்லை. மதிப்புரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

இந்தக் கட்டுரை அந்தப் புத்தகத்தைப் பற்றியதல்ல. ஒரு சிவப்பு ஒயினைப் பற்றியது. ஆனால் அந்த ஒயினைப் பற்றி எனக்குத் தெரிந்த சொற்பத்தை, மதிப்புரையைப் பிரஸ்தாபிக்காமல் என்னால் நேர்மையாகச் சொல்ல முடியாது.

நண்பன் இத்தாலியில், பிளாரன்ஸில் இருக்கிறான். படிக்கப் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். சேர்த்து வைத்திருந்த விடுப்பில் பத்து நாள் அவனிடம் போயிருந்தேன். அவன் அம்மா கொடுத்தனுப்பிய ஆவக்காய் ஜாடி என் பெட்டியில் இருந்தது. என்னுடைய பழைய பிரதியும் — பென்சில் கோடுகளோடு — இருந்தது. ஜாடியை உடனே எடுத்துக் கொடுத்தேன். புத்தகத்தை எடுக்கவில்லை.

முதல் நாள் ராத்திரி சோறும் பருப்பும் ஆவக்காயும். எனக்கு மரியாதை செய்கிறவனாக, கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை ஒட்டிய ஒரு புட்டியைத் திறந்தான். கியாந்தி கிளாஸிக்கோ. பிளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் இடையிலுள்ள மலைச்சரிவுகளில் விளைகிற ஸாஞ்ஜொவேஸே என்ற திராட்சையில் செய்வது. நான் ஆவக்காய்ச் சோற்றை ஒரு வாய் போட்டுக்கொண்டு, ஒரு வாய் குடித்தேன்.

“எப்படி இருக்கு?”

“காடி மாதிரி இருக்குடா. பச்சை வாழைக்காயைக் கடிச்சாப்பல வாயெல்லாம் இழுக்குது.”

“துவர்ப்புன்னு சொல்லேன். உனக்குப் பிடிச்ச வார்த்தைதானே.”

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல், என் டம்ளரில் மிச்சமிருந்ததைத் தன்னுடையதில் ஊற்றிக்கொண்டான். நான் தண்ணீர் குடித்தேன்.

துவர்ப்பை நம்மவர்கள் ஆறு சுவைகளில் ஒன்றாக வைத்தார்கள். இன்றைய விஞ்ஞானம் அதைச் சுவை என்று ஒப்புக்கொள்வதில்லை. தொடு உணர்ச்சி என்கிறது. திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் என்கிற பொருள் இருக்கிறது. ஒயினை ஊறவைக்கும் ஓக் மரப்பீப்பாயிலிருந்தும் அது இறங்குகிறது. நம் உமிழ்நீரில் உள்ள சில புரதங்கள்தான் வாய்க்குள் வழுவழுப்பைத் தருபவை. டானின் அவற்றைப் பற்றிக்கொண்டு திரிய வைக்கிறது. வழுவழுப்புப் போனவுடன் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உரசலுக்குத்தான் துவர்ப்பு என்று பெயர். வாழைப்பூவை நறுக்கி மோரில் போடுகிற நம் வீட்டுப் பெண்கள் இந்த ரசாயனத்தைப் பெயர் தெரியாமலே கையாண்டு வந்திருக்கிறார்கள். மோரின் புரதம் பூவின் துவர்ப்பைத் தன்னோடு கட்டிக்கொள்கிறது. டீயில் விடுகிற பால் செய்வதும் இதைத்தான்.

ஆக, துவர்ப்பு எப்போதும் ஒட்டிக்கொள்ள ஒரு புரதத்தைத் தேடுகிறது. வேறு ஒன்றும் அகப்படாவிட்டால் குடிக்கிறவனின் உமிழ்நீரையே பிடித்துக்கொள்கிறது. இதில் இன்னொரு விஷயமும் உண்டு. இடையில் ஒன்றும் சாப்பிடாமல் வாய்க்கு மேல் வாயாகக் குடித்துக்கொண்டே போனால் துவர்ப்பு பழகிப் போவதில்லை, ஏறிக்கொண்டே போகிறது. முதல் வாயில் அடக்கமாக இருந்தது ஐந்தாவது வாயில் தாங்க முடியாததாகிவிடும். மிளகாய் வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒயினின் சாராயச் சத்து காரத்தின் எரிச்சலைத் தூண்டிவிடுகிறது. எரிகிற நாக்கில் துவர்ப்பு உப்புத்தாள் தேய்த்தது போலாகிறது. அன்று ராத்திரி நான் குடித்தது கியாந்தி அல்ல, ஆவக்காய்க்கும் கியாந்திக்கும் நடந்த சண்டை. தீர்ப்பை மட்டும் ஒயினின் பேரில் எழுதிவிட்டேன்.

மறுநாள் கிரேவே என்ற ஊருக்கு பஸ்ஸில் போனோம். பிளாரன்ஸுக்குத் தெற்கே, சுமார் ஒரு மணி நேரத்துக்குள். வழியெல்லாம் திராட்சைக் கொடிகளும் ஆலிவ் மரங்களும். மண் என்று சொல்ல முடியாத மண் — கையில் எடுத்தால் ஏடு ஏடாக உதிர்கிற களிப்பாறையும், வெளுத்த சுண்ணாம்புக் கல்லும். இந்த நிலத்தில் ஸாஞ்ஜொவேஸே தாமதமாகப் பழுக்கிறது, பழுத்த பிறகும் தன் புளிப்பை விடுவதில்லை.

சின்னச் சாப்பாட்டுக் கடை. முதலில் ரொட்டி வந்தது. ஒரு துண்டு பிய்த்துப் போட்டுக்கொண்டேன், உப்பே இல்லை. டஸ்கனியில் ரொட்டிக்கு உப்புப் போடுவதில்லை. 1302ல் பிளாரன்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்ட தாந்தே அந்நியர் வீட்டு ரொட்டியின் உப்பைப் பற்றி எழுதியதை வகுப்பில் உருவகம் என்று படித்திருந்தேன். அது உருவகத்துக்கு முன்னால் வெறும் சமையல் உண்மை என்பது அந்த மேஜையில்தான் தெரிந்தது. பிறகு வேகவைத்த வெள்ளை மொச்சை போன்ற ஒரு பயறு, மேலே பச்சை ஆலிவ் எண்ணெய். பிறகு, எடை போட்டு விற்கிற அந்த ஊர் மாட்டிறைச்சி. மூன்று விரல் தடிமன், எலும்போடு, விறகுத் தணலில் வெளியே கருகி உள்ளே சிவப்பாக. உப்பும் எண்ணெயும் தவிர மசாலா எதுவும் கிடையாது. எனக்கு அது பழக்கமில்லாத பண்டம். தயங்கித்தான் தின்றேன். நண்பன் முந்தின ராத்திரி திறந்த அதே சேவல் முத்திரைப் புட்டியை, அதே வருஷத்தியதை, கேட்டு வாங்கினான்.

ஒரு துண்டு மென்றுவிட்டு ஒரு வாய் குடித்தபோது நேற்றைய துவர்ப்பு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது. அது போய்விடவில்லை, வேலைக்குப் போயிருந்தது. இறைச்சியின் புரதத்தையும் கொழுப்பையும் பற்றி இழுத்து, வாயைத் துடைத்து, அடுத்த துண்டை முதல் துண்டு போலாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. துவர்ப்பு விலகின இடத்தில் புளிப்புச் செர்ரிப் பழமும் காய்ந்த இலையும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. அது நேற்றும் இருந்திருக்க வேண்டும், எனக்கு இருக்கவில்லை. சப்பென்றிருந்த பயறுக்கு ஒயினின் புளிப்பு எலுமிச்சை பிழிந்த மாதிரி வேலை செய்தது. உப்பில்லாத ரொட்டி கூட, பெக்கொரினோ என்கிற ஆட்டுப்பால் பாலாடைக் கட்டியின் உப்புக்குக் காலியாக விட்டுவைத்த இடம் என்று புரிந்தது. அந்த மேஜையில் எதுவும் தனக்குத்தானே பூர்த்தியாக இல்லை. ஒவ்வொன்றும் இன்னொன்றுக்கு இடம் விட்டுச் சமைக்கப்பட்டிருந்தது.

இதை மண்ணின் மகிமை என்று சொல்லி முடித்துவிடலாம். ஒன்றாய் விளைவது ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று அங்கேயும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கியாந்தியின் கதை அவ்வளவு வெகுளியானதல்ல. 1716ல் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோஸிமோ, கியாந்தி உட்பட நான்கு பிரதேசங்களின் எல்லைகளைக் கட்டளை போட்டு வரையறுத்தான். ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதம மந்திரியாக இருந்த பெத்தினோ ரிக்காஸோலி தன் ப்ரோலியோ கோட்டையில் வருஷக்கணக்காகத் திராட்சைகளைக் கலந்து கலந்து பார்த்தார். 1872ல் பீஸா பேராசிரியர் ஒருவருக்கு முடிவை எழுதினார்: ஸாஞ்ஜொவேஸே மணத்தையும் வலுவையும் தரும், கனயோலோ அதன் கடுமையைத் தணிக்கும், மல்வாஸியா என்கிற வெள்ளைத் திராட்சை ஒயினை இளக்கி அன்றாடச் சாப்பாட்டு மேஜைக்குச் சீக்கிரம் தயார் செய்யும். நாள்பட வைத்துக் குடிக்கிற ஒயினுக்கு மல்வாஸியா வேண்டாம் என்பதையும் அவர் சேர்த்தே சொல்லியிருந்தார்.

சட்டம் இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனிக்கவில்லை. 1932ல் கியாந்தி என்ற பெயர் சுற்றியிருந்த மாவட்டங்களுக்கெல்லாம் விரிக்கப்பட்டு ஏழு வட்டாரங்களுடையதாயிற்று. 1967ல் வந்த விதி, நூற்றுக்கு 10 முதல் 30 பங்கு வரை வெள்ளைத் திராட்சையைக் கட்டாயமாக்கியது. அன்றாட ஒயினுக்குச் சொன்ன யோசனை எல்லா ஒயினுக்கும் இலக்கணமாகிவிட்டது. நீர்த்துப் போன ஒயின் வைக்கோல் கூடை பின்னிய குடுவைகளில் உலகமெங்கும் போயிற்று. காலிக் குடுவைகளில் மெழுகுவத்தி வைத்தார்கள். அந்தக் குடுவைக்கு இத்தாலியில் ஃபியாஸ்கோ என்று பெயர். படுதோல்விக்கும் அதே சொல்தான். ஆந்தினோரி குடும்பத்தார் தங்கள் 1971ஆம் வருஷத்து ஒயினுக்குக் கியாந்தி என்ற பெயரை விட்டு தின்யானெல்லோ என்று தோட்டத்துப் பெயரை வைத்தார்கள். 1975லிருந்து அதில் வெள்ளைத் திராட்சையே இல்லை. சட்டத்தின் கண்ணில் அது வெறும் மேஜை ஒயின். விலையில் கியாந்தியை விட எவ்வளவோ மேல். சட்டம் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. 1996லிருந்து கிளாஸிக்கோவை முழுக்க ஸாஞ்ஜொவேஸேயிலேயே செய்யலாம் என்றாயிற்று. 2006லிருந்து அதில் வெள்ளைத் திராட்சை கூடவே கூடாது என்றாயிற்று.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் அந்தக் கடையில் கண்ட பொருத்தம் இயற்கை தந்ததல்ல. யாரோ ருசி பார்த்து, தவறி, சட்டம் போட்டு, சட்டத்தை மீறி, மறுபடி ருசி பார்த்து வந்து சேர்ந்த இடம். மரபு என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் இப்படி வந்து சேர்ந்ததுதான்.

ஒயினை மதிப்பிடுகிறவர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று நண்பனைக் கேட்டேன். புட்டியைத் துணியால் மூடி, பெயர் தெரியாமல், வரிசையாகப் பல ஒயின்களை ஒவ்வொரு வாய் வைத்துத் துப்பி, மார்க்குப் போடுவார்கள் என்றான். 1978ல் ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க வக்கீல் தொடங்கிய செய்தி மடல், நூற்றுக்கு இத்தனை என்று மார்க்குப் போடுவதைப் பிரபலமாக்கியது. சாப்பாடு கிடையாது. பேதமில்லாத முறைதான். ஆனால் சாப்பாடே இல்லாத இடத்தில் சாப்பாட்டுக்கென்று செய்த ஒயின் என்ன செய்யும்? தன்னிலேயே பழமும் இனிப்பும் கனமும் கொண்ட ஒயின் அங்கே முந்திக்கொள்ளும். துணைக்குக் காத்திருக்கிற ஒயின் முரடாகத் தெரியும்.

எனக்கு இந்த முறை புதிதல்ல. கேம்ப்ரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதிய அபிப்ராயங்களை வைத்து 1929ல் ஒரு புத்தகம் போட்டார். பி.ஏ. வகுப்பில் எனக்கு அதுதான் வேதம். நம்மிடையே 'எழுத்து' (1959–70) கற்றுக்கொடுத்த அலசல் பார்வையும் என்னை அந்தத் திசையில்தான் தள்ளியது. பெயரைப் பார்க்காதே, ஊரைப் பார்க்காதே, சொல்லைப் பார். இந்த ஒழுக்கம் நமக்குச் செய்த நன்மை பெரிது; புகழுரைகளும் ஜாதி அபிமானமும் விமர்சனம் என்று உலவின இடத்தில் அது ஒரு சுத்திகரிப்பு. ஆனால் கவிதையைத் தனியே நிறுத்திப் பார்க்கிறபோது, தனியே நிற்கத் தெரிந்த கவிதைக்கே நாம் மார்க்குப் போடுகிறோம் என்பதை நான் யோசித்ததில்லை. வங்கியில் ஒரு செக்கின் கையெழுத்தைத் தனியாகப் பார்த்து நான் சரி, தப்பு என்று சொல்வதில்லை. மாதிரிக் கையெழுத்தோடு வைத்துத்தான் பார்க்கிறேன். பத்து மணிக்கு எனக்குத் தெரிந்த இந்த விஷயம் ராத்திரி மதிப்புரை எழுத உட்காரும்போது மறந்துவிடுகிறது.

இதோடு நின்றால் கட்டுரை சௌகரியமாக முடியும். நண்பன் விடவில்லை. நாலாம் நாள் ஒரு புட்டி மலிவு ஒயினும் ஃபினொக்யோனா என்கிற பதப்படுத்திய பன்றி இறைச்சியும் வாங்கி வந்தான். அதில் பெருஞ்சீரகம் இருக்கிறது. சேர்த்துச் சாப்பிட்டபோது ஒயின் பிரமாதமாக இருந்தது. அப்படியே சொன்னேன். “வாயைக் கழுவிட்டு இப்போ குடி” என்றான். குடித்தேன். தட்டையான, கெடுகிற பருவத்து ஒயின். இத்தாலிய பாஷையில் ஏமாற்றுவதற்கு ஒரு சொல் இன்ஃபினொக்யாரே — பெருஞ்சீரகம் போடுவது. மட்டமான ஒயினை விற்க வந்த வியாபாரிகள் முதலில் பெருஞ்சீரகம் கொடுத்து நாக்கை மழுக்கிவிடுவார்கள், அதிலிருந்து வந்த சொல் என்று அங்கே சொல்கிறார்கள். இங்கிலாந்தில் ஒயின் வியாபாரிகளிடம் இதற்கு நேர் பாடமாக ஒரு வசனம் உண்டாம்: வாங்கும்போது ஆப்பிளோடு ருசி பார், விற்கும்போது பாலாடைக் கட்டியோடு கொடு. ஆப்பிள் குற்றத்தைக் காட்டும், கட்டி மறைக்கும்.

ஆகவே துணை என்பதும் பரிசுத்தமான சங்கதி அல்ல. நமக்கும் பெருஞ்சீரகங்கள் உண்டு. கவியரங்கத்தின் மைக்கும் கைதட்டலும் ஒன்று, கவிஞன் பட்ட கஷ்டங்களைச் சொல்லும் முன்னுரை ஒன்று, கொள்கை ஒன்று, நட்பும் ஒன்று. இவற்றின் துணையில் ருசித்த எத்தனையோ வரிகளை வாயைக் கழுவிவிட்டுப் படித்தால் ஒன்றும் மிஞ்சாது. எந்தத் துணை ஒன்றின் குணத்தை வெளிக்கொண்டுவருகிறது, எது குறையை மூடுகிறது என்று பிரித்தறிய எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: தனியாகவும் ருசிப்பது, துணையோடும் ருசிப்பது, இரண்டையும் சொல்வது. நல்ல துணையோடு ருசித்த பிறகு கியாந்தியை மறுபடி தனியாகக் குடித்தேன். துவர்த்தது. ஆனால் அந்தத் துவர்ப்புக்கு அடியில் செர்ரியும் மண்ணும் இருப்பது இப்போது தெரிந்தது. மலிவு ஒயினின் அடியில் ஒன்றும் இல்லை.

மீதி ஆறு நாளும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவன் புத்தகத்தைப் படித்தேன். ஒரு நாளைக்கு ஏழு கவிதைக்கு மேல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பிறகு மூடி வைத்தேன். அப்போதுதான் பழைய குற்றம் ஸ்தூலமாகத் தெரிந்தது. ஆறு வருஷங்களுக்கு முன் 41 கவிதைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மறுநாள் பிரதி அனுப்ப வேண்டும் என்பதற்காக, ஒரே மூச்சில் படித்தேன். ஐந்தாவது கவிதையிலேயே வாய் வறண்டுவிட்டிருக்கும். மீதி 36ஐயும் நான் படிக்கவில்லை, ஏறிக்கொண்டே போன என் துவர்ப்பைத்தான் படித்திருக்கிறேன். ஒன்றைப் படித்துவிட்டு எழுந்து போய் வேறு காரியம் பார்க்கச் சொல்கிற கவிதைகள் அவை. பனங்காட்டுச் சிற்றூரின் வறண்ட பேச்சில், நாலு வரி, ஐந்து வரி. இடையில் வாழ்க்கை இருந்தால்தான் அவை வேலை செய்யும்.

எல்லாம் அல்ல. இதையும் எழுதியே ஆக வேண்டும். பெரும்பாலானவற்றைப் பற்றி நான் அன்று எழுதியது இன்றும் சரி. அவை எந்த மேஜையில் வைத்தாலும் கனியாத காய்கள்.

கடைசி நாள் ராத்திரி புத்தகத்தை மேஜைமேல் வைத்தேன். அவன் பென்சில் கோடுகளைப் புரட்டிப் பார்த்தான்.

“என்னாலதான் எழுதறதை நிறுத்தினியா?” என்று கேட்டேன். ஆறு வருஷமாக வைத்திருந்த கேள்வி.

“அதெல்லாம் இல்லடா. எழுத ஒண்ணும் இல்லாம போச்சு. நீயே பெரிய காரணம்னு நெனச்சுக்காதே.”

ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. அதையும் மறைக்காமல் இங்கே வைக்கிறேன்.

“இப்போ எத்தனை தேறும்ங்கற?”

“11.”

அவன் சிறிது நேரம் யோசித்தான். புட்டியில் மிச்சமிருந்ததை இரண்டு டம்ளரிலும் சமமாக ஊற்றினான்.

“எனக்கு 9தான்” என்றான்.